பராமரிப்பு யாருடைய கடன்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு தாதியைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் எந்த நாட்டுக்குப் போகப்போகிறார் என்பதுதான் இன்று அடுத்த கேள்வியாக இருக்கிறது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும். ஒரு சாரார், "எங்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்குப் பணிவிடை செய்யப் போகிறாள்" என்பார்கள். மற்றச் சாரார், "ரிஸ்க் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கேதானே போகவேண்டும், அவளைக் குறைசொல்ல நாம் யார்?" என்பார்கள். இரண்டுமே சுலபமான பதில்கள். முதலாவது, ஒரு சமூகத்தின் முழுக் கடனையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவைக்கிறது. இரண்டாவது, யாருக்கும் யாரிடமும் கடன் இல்லையென்று சொல்லிக் கணக்கையே மூடிவிடுகிறது. நோயாளியோ கட்டிலில் அப்படியே கிடக்கிறார். அவரைப் பராமரிப்பது யாருடைய கடன் என்ற கேள்வியை இவ்விரண்டு பதில்களுக்கும் அப்பால் வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நமது நாட்டில் தாதியர் பயிற்சி பெரும்பாலும் அரசாங்கச் செலவிலேயே நடக்கிறது. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பல ஊர்களில் உள்ள அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின்படி தெரிவாகும் பிள்ளைகள் மூன்று வருடங்கள் பயில்கிறார்கள். கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. அதற்குப் பிரதியாகக் குறிப்பிட்ட காலம் அரச சேவையில் இருப்பதாக உடன்படிக்கையில் ஒப்பமிடுகிறார்கள். அதற்கு முன்னரும், 1945 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கல்வியின் பயனைப் பாலர் வகுப்பிலிருந்தே அனுபவித்தவர்கள் இவர்கள். ஆகவே "எங்கள் வரிப்பணம்" என்ற பேச்சில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் அந்த வரிப்பணத்தின் காவலனாகிய அரசாங்கம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்தது. வைத்தியசாலைகளில் மருந்தில்லை, தாதியர் வேலைக்கு வர பஸ்ஸுக்கு டீசல் இல்லை. அந்த வருடம் ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம், பதவி மூப்புக்குப் பங்கமில்லை, ஆனால் மாதந்தோறும் நாட்டுக்கு டொலர் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைதேடி நாட்டைவிட்டுப் போனார்கள். படிப்பித்த அரசாங்கமே வாசலைத் திறந்து, போய் டொலர் அனுப்பு என்று சொன்ன பிறகு, போனவளைத் துரோகி என்று ஏசுவதற்கு அந்த அரசாங்கத்துக்காவது உரிமை இருக்கிறதா?

அரசாங்கத்துக்கு உரிமை இல்லாமற் போகலாம். அதனால் கேள்வி தீர்ந்துவிடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இரவுக் கடமைக்கு நான்கு தாதியர் இருக்கவேண்டிய வாட்டில் இருவர் இருந்தால், அதன் விலையை அரசாங்கம் கொடுப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு வலியில் முனகும் கூலிக்காரர் கொடுக்கிறார். காசுள்ளவர் தனியார் மருத்துவமனையில் மணியை அழுத்தித் தாதியை அழைத்துக்கொள்வார். வெளிநாட்டுப் பயணத்தின் பாரம் கடைசியில் போக்கிடமற்ற நோயாளியின் மேல்தான் இறங்குகிறது. ஆகவே இது வெறும் தனிமனித விருப்பம் என்று விட்டுவிடக்கூடிய விடயமும் அல்ல.

முதலில் கடன் என்ற சொல்லையே சற்று உரசிப்பார்ப்போம். கல்வி ஒரு கடனாகத் தரப்பட்டதென்றால் அதற்கு ஓர் அளவு இருக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தால் தீரவேண்டும். ஒப்பமிட்ட காலத்தைச் சேவையில் கழித்தவர், அல்லது அதற்குரிய தொகையைக் கட்டியவர், கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். சூரா அல்மாயிதா, உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு விசுவாசிகளுக்குக் கட்டளையிட்டே ஆரம்பிக்கிறது. எனவே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இரவோடிரவாகப் போவதற்கு மார்க்கத்தில் இடம் தேட முடியாது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆயுள் முழுவதும் நீ கடனாளிதான் என்று சொன்னால் அதற்குப் பெயர் அடிமைத்தனம். அதே இலவசக் கல்வியில் படித்த பொறியியலாளர் டுபாய்க்கும் கணக்காளர் மெல்பேர்னுக்கும் போகும்போது வாழ்த்துச் சொல்லி அனுப்பும் நாம், தாதியிடம் மட்டும் கணக்குக் கேட்பது ஏன்? பராமரிப்பது பெண்ணின் இயல்பு, அதற்கு விலை கேட்பது அவளுக்கு அழகல்ல என்ற ஓர் எண்ணம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

இந்த இடத்தில் நமது பிக்ஹு நூல்கள் தந்துள்ள ஒரு கருத்து பெரிதும் உதவுகிறது. பர்ளு ஐன், பர்ளு கிபாயா என்ற வேறுபாட்டை நாம் ஓதற்பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். தொழுகையைப் போன்று ஒவ்வொருவர் மேலும் தனித்தனியே உள்ள கடமை முதலாவது. ஜனாஸாத் தொழுகையைப் போன்று, சிலர் செய்தால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கி, எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் பாவிகளாகும் கடமை இரண்டாவது. பர்ளு கிபாயா என்றதும் நமக்கு ஜனாஸா மட்டுமே நினைவுக்கு வருகிறது. மௌத்தானவரைக் குளிப்பாட்டுவது சமூகக் கடமை என்று அறிந்த நாம், அவர் மௌத்தாகாமல் பார்த்துக்கொள்வதும் சமூகக் கடமை என்பதை மறந்துவிட்டோம். இமாம் கஸ்ஸாலி அதை மறக்கவில்லை. இஹ்யா உலூமித்தீனின் முதற்பகுதியான அறிவு பற்றிய நூலில், மருத்துவத்தையும் கணிதத்தையும் மட்டுமல்ல, விவசாயத்தையும் நெசவையும் இரத்தம் குத்தி எடுக்கும் தொழிலையும்கூட அவர் பர்ளு கிபாயாவில் சேர்க்கிறார். முஸ்லிமல்லாத மருத்துவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்க, மக்கள் சட்ட விவாதக் கலையைப் படிக்கவே முண்டியடிக்கிறார்கள் என்று அவர் மனம்நொந்து எழுதினார். கஸ்ஸாலி 1111இல் மறைந்தவர். அவருடைய முறைப்பாடு இன்னமும் நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

பர்ளு கிபாயா என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டால் இரண்டு விடயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, வாட்டில் தாதி இல்லாத குற்றம் போனவளின் மேல் மாத்திரம் சாராது. போதிய ஆட்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளத் தவறிய அத்தனை பேரும் அதில் பங்காளிகள். சம்பளத்தை நிர்ணயித்தவர், இரவுக் கடமை முடிந்து வீடு திரும்ப வாகனம் ஒழுங்குசெய்யாதவர், தாதியை மிஸ்ஸி என்று அழைத்துக் காரியம் முடிந்ததும் அலட்சியம் செய்தவர், தன் மகளை அத்தொழிலுக்கு அனுப்ப மறுத்தவர் என்று பட்டியல் நீளும். இரண்டாவது, சமூகக் கடமை சில வேளைகளில் தனிக்கடமையாகவும் மாறும். ஆற்றில் ஒருவர் தத்தளிக்கும்போது கரையில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரே இருந்தால், காப்பாற்றுவது அவர்மேல் பர்ளு ஐன் ஆகிவிடும் என்று சட்ட அறிஞர்கள் சொல்வார்கள். இரவுக் கடமையில் இருக்கும் தாதியின் நிலையும் இதுதான். மாற்று ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை அந்தக் கட்டில்கள் அவளிடம் அமானிதம்; விசா வந்துவிட்டதென்று அந்த நேரத்தில் எழுந்துபோக அவளுக்கு உரிமையில்லை. ஆனால் ஓர் இரவின் அமானிதத்தை ஓர் ஆயுளின் அமானிதமாக இழுத்து நீட்டுவது நியாயமாகாது. கரையில் எப்போதும் நீந்தத் தெரிந்தவர் ஒருவரே நிற்கும்படி ஊரை வைத்திருந்தால், தவறு நீந்தத் தெரிந்தவருடையதா ஊருடையதா?

ஊர் என்று சொல்லும்போது நமது ஊரையும் சேர்த்தே சொல்கிறேன். இலங்கையின் தாதியர் சேவையில் முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகச் சொற்பமாகவே இருந்து வந்திருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் நிலைமை மாறிவருவது உண்மை; ஆயினும் தயக்கம் நீங்கிவிடவில்லை. கவுணும் தொப்பியும் கொண்ட சீருடை, இரவுக் கடமை, அந்நிய ஆண் நோயாளியைத் தொடவேண்டிய நிலை, பெண் பார்க்க வருவோரின் முகச்சுளிப்பு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் சீருடை போன்றவை பேசித் தீர்க்கக்கூடிய, உரிமையோடு கேட்டுப் பெறவேண்டிய விடயங்கள். மற்றவற்றைக் குறித்து நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நமது உம்மாமாரும் ராத்தாமாரும் பிரசவ வாட்டில் கிடந்தபோது அவர்களைத் தொட்டுத் தூக்கியவர்கள் யார்? சிங்களப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், அதற்கு முந்திய தலைமுறையில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிலிருந்து கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பார்த்த கன்னியாஸ்திரிகளை 1960களில் அரசாங்க வைத்தியசாலைகளிலிருந்து விலக்கினார்கள். அவர்கள் விட்ட இடத்தை நிரப்பியவர்களுள் நம்மவர்கள் எத்தனை பேர்?

இத்தனைக்கும் நமது வரலாறு இந்தத் தொழிலை இழிவாகச் சொல்லவில்லை. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களை மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருபைதா அல்அஸ்லமிய்யா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்குமாறு ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பணித்ததை ஸீரா நூல்கள் சொல்கின்றன. உம்மு அதிய்யா (ரழி) ஏழு போர்களில் கலந்துகொண்டு காயப்பட்டோரைக் கவனித்தவர். பராமரிப்பு பெண்களுக்கு மாத்திரம் உரியதென்று நினைப்போர் உஸ்மான் (ரழி) அவர்களின் வரலாற்றையும் பார்க்கலாம். நோயுற்றிருந்த மனைவி ருகையா (ரழி) அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் பத்ருப் போருக்குப் போகவில்லை. நபியவர்கள் அவருக்குப் போரில் கலந்துகொண்டவரின் பங்கையும் நன்மையையும் வழங்கினார்கள். நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓர் ஆணை, பத்ருக்களத்தில் நின்றவர்களுடன் ஒன்றாக எண்ணிய மார்க்கம் இது. ஆண் பிள்ளைகளையும் தாதியர் பயிற்சிக்கு அனுப்பலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

ஆனால் நாம் செய்தது வேறு. நமது பெண்கள் உள்ளூர் வைத்தியசாலையில் வெள்ளைச் சீருடையோடு நிற்பதற்கு ஆயிரம் தடை சொன்ன அதே காலத்தில், அவர்களை ஏஜென்சிக்காரரின் பின்னால் றியாதுக்கும் குவைத்துக்கும் அனுப்பினோம். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். மருதானையின் ஏஜென்சிப் படிகளில் கடவுச்சீட்டோடு காத்திருந்த பர்தா அணிந்த பெண்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மஹ்ரமில்லாத பயணத்தைப் பற்றிய குத்பாக்களும் நடந்தன, விமானங்களும் நிரம்பின. ஏழை வீட்டுப் பெண்ணைப் பொறுத்தவரை மானம் என்ற சட்டம் விமான நிலையத்தோடு நின்றுவிட்டது.

அதன் விலையை மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த றிஸானா நபீக் கொடுத்தார். 2005 மே மாதத்தில் அவர் சவூதி அரேபியாவுக்குப் போனபோது உண்மையான வயது 17. கடவுச்சீட்டில் 1982இல் பிறந்தவராக ஆறு வயது கூட்டப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் குழந்தையையும் ஒப்படைத்தார்கள். சில வாரங்களுக்குள் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது மூச்சுத்திணறியது என்பது றிஸானாவின் தரப்பு. கொலை என்பது நீதிமன்றத்தின் தீர்ப்பு. 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கின் மார்க்கச் சட்ட அம்சங்களைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. நான் கவனப்படுத்த விரும்புவது மற்றொன்றை. கைக்குழந்தைக்குப் பாலூட்டி, புரையேறினால் எப்படித் திருப்பிப் பிடித்து முதுகில் தட்டவேண்டும் என்று அறிந்திருப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அந்த வேலையை எந்தப் பயிற்சியும் பெறாத, மொழி தெரியாத ஒரு சிறுமியிடம் கொடுத்தார்கள். பராமரிப்பு யாராலும் செய்யக்கூடிய, பெயரில்லாத, விலையில்லாத வேலை என்று நினைக்கப்படும் உலகத்தில்தான் இது நடக்கும். அங்கே குழந்தையைக் கொடுத்தவர்களிடம் இருந்த அதே அலட்சியம், இங்கே தாதித் தொழிலை இழிவாகப் பார்த்த நம்மிடமும் இருந்தது. குழந்தை, சிறுமி என்று இரண்டு உயிர்கள் அதில் போயின.

வெள்ளவத்தைக்கு வருவோம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் கடந்த முப்பது வருடங்களில் எழுந்த தொடர்மாடிகளில் வயோதிபத் தாய் தந்தையர் பலர் தனியே வாழ்கிறார்கள். பிள்ளைகள் லண்டனிலும் டொரொண்டோவிலும். அப்படியொரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மகள் லண்டனில் தாதி. அங்கே ஓர் ஆங்கிலேய மூதாட்டியின் கால்புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். இங்கே அவருடைய தாயின் கால்புண்ணுக்கு மருந்து கட்டுவது ஏஜென்சி அனுப்பிய, மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த பெண். அந்தப் பெண்ணின் குழந்தை தோட்டத்து லயத்தில் பாட்டியிடம் வளர்கிறது. பாட்டிக்குச் சுகமில்லாத நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்பதற்குப் பதில் இல்லை. இந்தத் தொடரை ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000ஆம் ஆண்டில் உலகப் பராமரிப்புச் சங்கிலி என்று பெயரிட்டு எழுதினார். சங்கிலியில் மேலே போகப் போகச் சம்பளம் கூடுகிறது. கீழே வர வரப் பராமரிப்புக் குறைகிறது. கடைசிக் கண்ணியில் இருக்கும் குழந்தைக்குக் கிடைப்பது எதுவுமில்லை.

இந்தச் சங்கிலியில் யாரைப் பாவி என்று சொல்வது? லண்டன் மகள் அனுப்பும் பவுணில்தான் தாயின் மருந்தும் வாடகையும் மலையகப் பெண்ணின் சம்பளமும் நடக்கின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்காக நியாயமானதையே செய்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால் அநியாயம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நமது ஒழுக்கச் சிந்தனை தனிமனிதரின் நிய்யத்தை எடைபோடப் பழகியது. நல்ல நிய்யத்துகள் பல சேர்ந்து உண்டாக்கும் அநியாயத்தை எடைபோட அதற்குக் கூட்டுக் கடமை என்ற தராசுதான் தேவை.

அந்தத் தராசில் பணக்கார நாடுகளையும் ஏற்றவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத் தாதியரில் ஏழில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். உயர்வருமான நாடுகளில் இது ஏறத்தாழ நான்கில் ஒருவர். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கிய காலம் முதலே கரிபியன் தீவுகளிலிருந்தும் பின்னர் ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்த தாதியரால் நடந்துவருகிறது. சுகாதாரப் பணியாளரை நாடு கடந்து திரட்டுவது தொடர்பாக 2010இல் உலக சுகாதார மாநாடு ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. ஆட்பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளில் தீவிரமாக ஆள்திரட்டக் கூடாது, ஆளைப் பெறும் நாடு அனுப்பும் நாட்டுக்கு உதவ வேண்டும் என்பவை அதன் நோக்கங்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. உஸ்மானிய மஜல்லாவில் இடம்பெற்ற பழைய சட்ட விதியொன்று இதைச் சுருக்கமாகவே தீர்த்துவைக்கிறது: இலாபம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே. ஒரு தாதியை வளர்த்துப் படிப்பித்த செலவு முழுவதும் இலங்கையின் ஏழை வரியிறுப்பாளருடையது. அவளுடைய உழைப்பின் இலாபம் வேறு நாட்டுக்கு. அந்த நாடு இங்கே ஒரு பயிற்சிக் கல்லூரிக்காவது பொறுப்பேற்கட்டும் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது.

இன்னுமொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இது நமது கொழும்பில் மெதுவான குரலில் கேட்கப்படுவது. என்னை ஏற்றுக்கொள்ளாத நாட்டுக்கு நான் ஏன் கடன்பட்டவளாக இருக்கவேண்டும்? 1983 ஜூலைக்குப் பிறகு வெள்ளவத்தையைவிட்டுப் போன தமிழர் இதைக் கேட்டார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு முஸ்லிம்களும் கேட்டார்கள். அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் நேர்த்திக்குப் போகும் கோயில் அது. வெளிநாட்டுப் பயணம் சரிவர வேண்டுமென்று அங்கே மெழுகுதிரி ஏற்றியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். நமது பெயர்தாங்கிகள் சிலர் செய்த அந்தப் பாதகத்துக்குப் பின் சந்தேகம் ஒவ்வொரு முஸ்லிம் முகத்தின் மேலும் விழுந்தது, வைத்தியசாலையிலும் விழுந்தது. குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி ஷிஹாப்தீன், சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டின் நடுவே 2019 மே மாதத்தில் கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இடைநிறுத்தப்பட்ட காலத்துக்கான நிலுவைச் சம்பளம், சுமார் 26 இலட்சம் ரூபா, 2022இல் அவருக்குக் கிடைத்தது. மருந்துத் தட்டுப்பாட்டில் நாடு தவித்த நேரம் அது. அந்தப் பணத்தை அத்தியாவசிய மருந்துகள் வாங்குவதற்கென்று அவர் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

இச்செய்கையை நினைக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் இதைக் காட்டி, பார், நீயும் இப்படி இருக்கவேண்டும் என்று விமானச் சீட்டோடு நிற்கும் தாதியிடம் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே எனது அபிப்பிராயம். பிக்ஹு நமக்குக் கற்றுத்தந்த மற்றொரு வேறுபாடு இங்கே வேண்டும். பர்ளு வேறு, நபில் வேறு. நபிலைச் செய்தவருக்குப் பெரிய கூலியுண்டு, செய்யாதவர்மேல் பாவமில்லை. டொக்டர் ஷாபி செய்தது நபில். 2009 மே வரை வன்னியில் ஷெல் வீச்சுக்கு நடுவே கூடாரங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் காயம்பட்டோரைப் பார்த்த வைத்தியர்களும் தாதியரும் செய்தது நபிலினும் மேலான நபில். நபிலை பர்ளாக்கி மற்றவர் மேல் சுமத்துவது மார்க்கத்திலேயே அத்துமீறல்.

கேரளத்தில் நடந்த ஒன்று இதை இன்னும் கூர்மையாகக் காட்டும். 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியபோது, பேராம்பிரா அரசு வைத்தியசாலையில் நோயாளியைப் பராமரித்த லினி என்ற இளம் தாதி, தொற்றுக்கு ஆளாகி இறந்தார். சிறு பிள்ளைகள் இருவரின் தாய். கணவர் பஹ்ரைனில் வேலை செய்துகொண்டிருந்தார். அரசாங்கம் அவரைப் போற்றியது, அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது, கணவருக்கு அரச வேலை கொடுத்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆயினும் உயிரோடிருந்தபோது லினி நிரந்தரமற்ற ஒப்பந்த ஊழியர். மௌத்துக்குப் பின் கொடுத்த மரியாதையில் ஒரு பங்கை ஹயாத்தில் கொடுத்திருந்தால், எத்தனையோ தாதியர் மனநிறைவோடு ஊரில் இருந்திருப்பார்கள். அதே கேரளத்திலிருந்து போன 46 தாதியர் 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் ஆயுததாரிகளிடம் சிக்கி மீண்டார்கள். கல்விக் கடனை அடைக்கவே அவர்களில் பலர் யுத்தபூமிக்கும் துணிந்து போனார்கள். தியாகிகளைக் கொண்டாடுவது சுலபம்; சம்பளப் பட்டியலைத் திருத்துவதுதான் கஷ்டம்.

ஆகவே எனது முடிவு இதுதான். உடன்படிக்கையை நிறைவேற்றி, கடமை நேரத்தின் அமானிதத்தைப் பேணி, முறையாகப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளிநாடு போகும் தாதி குற்றவாளியல்ல. அவள் போனதனால் வெறுமையான இடம் நம் எல்லோருடைய கடன். அந்தக் கடனை அடைக்கும் வழிகள் நமது கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. மத்ரஸாவுக்கும் மினாராவுக்கும் சேரும் பணத்தில் ஒரு பங்கை, பள்ளிவாசல் பைத்துல்மால்கள் தாதியர் பயிற்சிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளின் தங்குமிடச் செலவுக்கு ஒதுக்கலாம். பயிற்சிக்கு வரும் கிழக்கு மாகாணப் பெண் பிள்ளைகளுக்குக் கொழும்பில் பாதுகாப்பான விடுதி ஒன்று நமது தனவந்தர்களுக்குப் பெரிய காரியமல்ல. சீருடை விடயத்தை முகநூலில் வாதாடுவதை விட்டுவிட்டு, சுகாதார அமைச்சோடு அமர்ந்து கௌரவமாகப் பேசி முடிக்கலாம். வீட்டில் வாப்பாவின் படுக்கையைச் சுத்தம்செய்ய வரும் பெண்ணுக்கு வேலை நேரமும் விடுமுறையும் நியாயமான கூலியும் எழுத்தில் கொடுக்கலாம். அது மார்க்கமும்கூட. போனவர்களிடமும் ஒன்று கேட்கலாம்: விடுமுறையில் வரும்போது ஒரு வாரத்தை, தாம் படித்த கல்லூரியில் புதிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒதுக்குங்கள் என்று. அதைக் கட்டளையாகச் சொல்லாமல் நபிலாகவே கேட்கவேண்டும்.

நமது பெண் பிள்ளைகளில் ஒருத்தி உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, டொக்டராகப் புள்ளி போதாமல், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று வீட்டில் கேட்கும் நாள் வரும். பல வீடுகளில் வந்தும் இருக்கும். கஸ்ஸாலியின் முறைப்பாட்டுக்கு நாம் சொல்லும் பதில் அன்றைக்கு அந்த வாப்பாவும் உம்மாவும் சொல்லும் பதில்தான்.